ஏணியில் கிடந்தவள்

என் பெண்டாட்டி செல்லபாய் பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றபோது, ஊரில் பாதிப் பேர் அவள் செத்துக் கிடப்பதாகக் கனவு கண்டார்கள். மீதிப் பேர் கண்டதாகப் பொய் சொன்னார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது. கேட்கிறவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும், முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில். மகாராஜா ஆட்சி போய், திருவிதாங்கூர்-கொச்சி என்று ராஜ்யத்துக்குப் பெயர் மாறி, எங்களைப் போன்றவர்களும் ஓட்டுப் போடத் தொடங்கியிருந்த காலம். பூதப்பாண்டிப் பக்கம் வயல்களுக்கு நடுவில் எங்கள் ஊர். நான் நாராயணபெருமாள், அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தேன். கடை என்னுடையது, கடையின் மூளை செல்லபாயினுடையது. அவளுடைய அம்மை கடியப்பட்டணத்துக் கருவாட்டைத் தலைச்சுமையாக எடுத்துவந்து பூதப்பாண்டிச் சந்தையில் விற்றவள். சுமை தூக்கித் தூக்கி அந்த அம்மைக்குக் கழுத்து நேராக நின்றுவிட்டது. மகளுக்குச் சுமை தூக்காமலே கழுத்து அப்படித்தான். யார் முன்னாலும் குனியாது.

அவள் தேர்தலில் நின்றது பாலத்துக்காக. எங்கள் ஊருக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே கால்வாய் ஓடுகிறது. அதன் குறுக்கே கிடந்தது இரண்டு பனந்தடி, அவ்வளவுதான். முந்தின ஐப்பசி மழையில் இஸ்ரவேலின் பெண்டாட்டிக்குப் பிரசவ வலி கண்டு, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். தண்ணீர் தடியை மூடிக்கொண்டு போயிற்று. கட்டிலை அக்கரைக்குக் கொண்டுபோக முடியவில்லை. மழையில் நனைந்தபடி இக்கரையிலேயே பிள்ளை பிறந்தது, தங்கவில்லை. கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் செல்லபாய். வீட்டுக்கு வந்து ஈரச்சேலையைக்கூட மாற்றாமல், "இனி ஒருத்தன்கிட்ட போய்க் கேக்க மாட்டேன். கேக்க வேண்டிய எடத்துல நானே போயி இருக்கேன்," என்றாள். அவள் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான்.

எதிர்த்து நின்றவர் நெல்லுமில் குமாரதாஸ். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். தான் நினைத்தது நடந்தே பழகியவர். ஒருநாள் கடைக்கு வந்து, பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"வேய், ஒரு பொம்பளைய எதுத்து நின்னு ஜெயிச்சாலும் எனக்குத்தான் குறைச்சல். பேரை வாபஸ் வாங்கச் சொல்லும்."

உள்ளேயிருந்து செல்லபாய் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னாள். "அந்தக் குறைச்சல் வராம நான் பாத்துக்கிடுகேன் அண்ணாச்சி. நீங்க ஜெயிச்சாத்தானே வரும்."

குமாரதாஸ் சிரிக்கவில்லை. நான் சிரிப்பை அடக்கமுடியாமல் கணக்கே இல்லாமல் வெல்லத்தை நிறுத்துப் போட்டேன்.

அப்போதெல்லாம் தேர்தலில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டிமேல் ஒரு படம். படத்தைப் பார்த்துப் பெட்டிக்குள் சீட்டைப் போடவேண்டியதுதான். பூதப்பாண்டியில் அதிகாரி படங்களை மேசைமேல் பரப்பியபோது குமாரதாஸ் முந்திக்கொண்டு குத்துவிளக்கை எடுத்துவிட்டார். மீதியில் தராசு இருந்தது, குடை இருந்தது. கடைக்காரன் பெண்டாட்டிக்குத் தராசுதான் பொருத்தம் என்று நான் அவள் முழங்கையை இடித்தேன். அவள் ஏணியை எடுத்தாள். "ஏறப் போறவளுக்கு ஏணிதான் வேணும்," என்று அதிகாரியிடமே சொன்னாள். அந்த ஆளும் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வினை வந்தது சுவரில். படம் எழுதச் சுடலையாண்டியை ஏற்பாடு செய்தோம். வெள்ளையடிப்பது, காவி பூசுவது, கோயில் சுவருக்குப் பட்டை போடுவது எல்லாம் அவன்தான். ஊரில் யாராவது கண்ணை மூடினால் மூங்கில் வெட்டிப் பாடை கட்டுவதும் அவன்தான். எங்கள் ஊர் மண்சுவர்கள் இடுப்பளவு உயரம்; நீளமோ தெருக்கோடி வரைக்கும் உண்டு. ஏணியை நிமிர்த்தி எழுதினால் இரண்டு படிதான் கொள்ளும். செல்லபாயின் ஏணிக்கு இரண்டு படியா என்று அவனுக்கே மனசு கேட்கவில்லை. ஏணியைச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து, நீளமாக, தாராளமாக எழுதினான். கை பழகினபடி, குறுக்குக்கம்பு ஒவ்வொன்றிலும் கயிற்றுக்கட்டும் போட்டுவிட்டான். எங்கள் கடைக்கு முன்னால், கோயில் முக்கில், கிணற்றடியில், எங்கே பார்த்தாலும் அது படுத்துக் கிடந்தது. நாங்கள் அதை ஏணி என்று பார்த்தோம். ஊர் அதை வேறு விதமாகப் பார்த்தது.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு விடிந்ததும் முதல் வேலை கால்வாய்ப் படித்துறைக்குப் போவது. போகும் வழியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இரவில் கண்ட சொப்பனம் கெட்டதாக இருந்தால் அதை முதலில் ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிடவேண்டும், மனுஷர் காதில் முதலில் விழுந்தால் பலித்துவிடும் என்பது வழக்கம். தண்ணீரிடம் சொன்னபிறகு பூங்கனியிடம் சொல்வார்கள். பூங்கனிக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். வயல்வேலைக்காரி, வெடுக்கென்று பேசுவாள். படித்துறைக் கல்லில் சேலையை அடித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொல்வாள். மேல்வரிசைப் பல் விழுந்தால் அப்பன் வழியில் கேடு, கீழ்வரிசை என்றால் அம்மை வழியில். பாம்பு துரத்தினால் பகை, கடித்து ரத்தம் வந்தால் பணம். தெளிந்த வெள்ளம் நல்லது, கலங்கிய வெள்ளம் காய்ச்சல். மேளதாளத்தோடு கல்யாணம் கண்டால் வீட்டில் சாவு, சாவைக் கண்டால் கல்யாணம். மலத்தை மிதித்ததாகக் கண்ட ஒருத்திக்கு மறுவாரம் மாடு இரட்டைக்கன்று போட்டதிலிருந்து பூங்கனியின் வாக்குக்கு மறுவாக்கு கிடையாது.

செல்லபாய் மட்டும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. "எனக்குப் படுத்தா உறக்கம்தான் வரும், சொப்பனம் வராது," என்பாள்.

தேர்தலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பூங்கனியே கண்டாள். நீளமாக ஒரு ஏணி, தரையில் படுத்துக் கிடக்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை. அவள் அதைத் தண்ணீரிடம் சொல்லிவிட்டுக் கரையேறியபோது இன்னொருத்தி, "அக்கா, நானும் கண்டேன்," என்றாள். பகலெல்லாம் சுவரில் பார்த்ததுதான் இரவில் வருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. பூங்கனி அர்த்தம் சொன்னாள்: அது ஏணி இல்லை, பாடை. ஆள் கிடக்கிற பாடையைக் கண்டால் ஐசுவரியம். வெறும் பாடையைக் கண்டால் அது ஆளைத் தேடுகிறது.

அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் படம் போட்ட பெட்டிக்குள் தன் கையாலே சீட்டைப் போடுகிறவள், தன் வீட்டு ஆளைத் தானே பாடைக்குக் கொடுக்கிறாள் என்று பேச்சு. எங்கள் கடைக்கு வருகிற பெண்கள் சாமான் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பாராமல் போனார்கள். செல்லபாய்க்கு ஓட்டு என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன இஸ்ரவேலின் பெண்டாட்டியே வந்து அழுதாள். "எனக்கு ஒண்ணு போயாச்சு அக்கா. இனி ஒண்ணைக் குடுக்க மாட்டேன்," என்றாள். அவளை என்ன சொல்ல முடியும்?

நான் குமாரதாஸின் மில்லுக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவர் நெல்லை அளைந்துகொண்டே, "நான் ஒண்ணும் சொல்லல்ல வேய். ஊரு உறங்கினா சொப்பனம் வரும். அதுக்கு நானா பொறுப்பு?" என்றார். அவர் மீசைக்குள் சிரித்தது எனக்குத் தெரியாமலில்லை. திரும்பி வந்த கோபத்தில் சுடலையாண்டியைக் கூப்பிட்டு, சுவரையெல்லாம் அழித்துவிடு என்று கத்தினேன். செல்லபாய் தடுத்தாள்.

"அழிச்சா நாமளும் அதைப் பாடைன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும். கெடக்கட்டும்."

"கெடந்தா ஒருத்தியும் போடமாட்டா."

"போடுவா," என்றாள்.

மறுநாள் விடியும்போது அவள் படித்துறைக்குக் கிளம்பினாள். பெண்கள் துறைக்கு ஆண்கள் போவதில்லை. என்னால் வீட்டில் இருக்கமுடியவில்லை. வண்டிமாட்டைக் குளிப்பாட்டுகிற சாக்கில் எதிர்க்கரையில் தாழம்புதருக்குப் பின்னால் நின்றேன். மாடு அதற்கு முந்தின நாள்தான் குளித்திருந்தது.

படித்துறை நிறைய பெண்கள் இருந்தார்கள். செல்லபாய் இறங்கியதும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் முகம் கழுவி, முந்தானையில் துடைத்து, நேராகப் பூங்கனியின் கல்லுக்கு முன்னால் போய் நின்றாள்.

"பூங்கனி அக்கா, வெறும் பாடைதானே ஆளைத் தேடும்?"

"ஆமா."

"அதுல ஒரு ஆளு கெடந்தா?"

"பின்னே எதுக்குத் தேடுது? அது நல்லதாக்கும். கெடக்கவங்களுக்கு ஆயுசு, கண்டவங்களுக்கு ஐசுவரியம்."

"அப்பம் என்னை அதுல கெடத்துங்க."

அடித்துக்கொண்டிருந்த துணியைக்கூட ஒருத்தியும் தூக்கவில்லை. செல்லபாய் எல்லோரையும் பார்த்து, கடையில் சாமான் விலை சொல்கிற அதே குரலில் பேசினாள்.

"இனி யாருக்க சொப்பனத்துல அது வந்தாலும், அதுல செல்லபாய் கெடக்கான்னு நெனச்சுக்கிட்டுப் படுங்க. கண்ணை மூடுகதுக்கு முன்னால ஒரு தடவை நெனச்சா போதும். அது உங்க வீட்டுல ஒருத்தரையும் தேடாது. நான்தான் கெடக்கேன்லா."

பூங்கனி எழுந்துவிட்டாள். "ஏட்டி, வாயைக் கழுவு. தாலி உள்ளவ பேசுக பேச்சா இது? ரெண்டு பிள்ளைக்க அம்மை நீ."

"நீங்க சொன்ன அர்த்தம்தானே அக்கா. அது நெசம்னா எனக்கு ஆயுசு கூடும், உங்களுக்கு ஐசுவரியம் வரும். நெசம் இல்லைன்னா அது வெறும் ஏணி. ரெண்டுல எதுவானாலும் எனக்குப் பேடி, பயம் ஒண்ணும் கெடையாது." பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள். "இந்தக் கரையில அன்னைக்குக் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு நின்னது சொப்பனம் இல்ல. அதை மட்டும் மறந்துராதுங்க."

சொல்லிவிட்டுக் குடத்தை நிறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனாள். நான் புதருக்குப் பின்னால் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்குப் பயமும் உண்டு, மறைக்கவில்லை. ஒரு சுமங்கலி தன்னைத் தானே பாடையில் வைத்துப் பேசுவதை எங்கள் பக்கத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் பயத்துக்கும் மேலே பெருமை இருந்தது. இவள் என் பெண்டாட்டி என்று அந்த மாட்டிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "மாடு நல்லா குளிச்சுதா?" என்று கேட்டாள். அதற்குமேல் நான் என்னத்தைக் கோபப்படுவது?

இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஒருத்தி கடைக்கு வந்தாள். உளுந்து கேட்டாள், நிறுத்தேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணாச்சி, நேத்து உங்க வீட்டுல உள்ளவங்க செத்துக் கெடக்கதைக் கண்டேன்."

கோபத்தில் படிக்கல்லைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னாலேயே இன்னொருத்தி. மஞ்சளும் மிளகும் வாங்கினாள். "நானும் கண்டேன். நல்லா நீட்டி நிமிந்து கெடந்தாவ." அடுத்து வந்தவள், நெற்றியில் ஒற்றை ரூபாய் ஒட்டியிருந்ததுகூடக் கண்டேன் என்றாள். மாலைக்குள் விஷயம் புரிந்துவிட்டது. குமாரதாஸின் மில்லில் நெல்லு குத்தவேண்டியவர்கள், அவர் வயலில் கூலிக்குப் போகிறவர்கள், செல்லபாய்க்கு ஓட்டு என்று தெருவில் சொல்ல முடியாதவர்கள் எல்லோரும் இதைச் சொல்லலாம். சொப்பனம் கண்டதற்கு யார் என்ன செய்யமுடியும்? ஊரே என் பெண்டாட்டியைக் கொன்றுகொண்டிருந்தது, நான் பொட்டலம் கட்டிக்கொண்டே ஆனந்தப்பட்டேன். இஸ்ரவேலின் பெண்டாட்டி கடைசியாக வந்தாள். வாசலில் நின்று, "கண்டேன் அண்ணாச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நெஞ்சில் தைத்தது அதுதான்.

தேர்தலுக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் செல்லபாய் என்னைக் கேட்டாள்.

"ஊரெல்லாம் கண்டாச்சு. நீங்க மட்டும் காணலியா?"

"நான் காணமாட்டேன்."

"அப்பம் ஓட்டு?"

"ஓட்டுப் போடுவேன். சொப்பனம் காணமாட்டேன்."

அவள் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு, "அது போதும்," என்று உள்ளே போய்விட்டாள்.

ஓட்டுப்பெட்டி பள்ளிக்கூடத்தில். காலையில் கதவு திறக்கும்முன்பே பெண்கள் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முதலில் நின்றவள் பூங்கனி. தலை குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, யாரோடும் பேசாமல் நின்றாள். ஆண்கள் வரிசையில் குமாரதாஸ் வெள்ளை ஜிப்பாவோடு நின்று எல்லோருக்கும் கும்பிடு போட்டார். அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

சாயங்காலம் எண்ணினார்கள். குத்துவிளக்குப் பெட்டியை முதலில் கவிழ்த்தார்கள், நல்ல குவியல்தான். ஏணிப் பெட்டியைக் கவிழ்த்தபோது சீட்டு மேசையை விட்டு வழிந்து தரையில் விழுந்தது. எண்ணாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் அதிகாரி எண்ணித்தான் சொன்னார். குமாரதாஸ் எழுந்து வந்து செல்லபாயைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு விடுவிடுவென்று நடந்துவிட்டார். தோற்றவர் அவ்வளவாவது செய்தாரே என்று நானும் கைகூப்பினேன்.

வெளியே வந்தால், சுடலையாண்டி நீளமான மூங்கில் ஏணி ஒன்றோடு நிற்கிறான். புது மூங்கில், கயிற்றுக்கட்டு. அவனுக்கு எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் கட்டத் தெரியும். அதைத் தரையில் வைத்து, நடுவில் பாய் விரித்து, "உக்காரு மக்கா. ஊரு சுத்தி வருவோம்," என்றான்.

நான் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள். முதுகு நேராக, கழுத்து அம்மையைப் போலவே நேராக. நான்கு ஆண்கள் துண்டைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு குனிந்தார்கள். அவர்களை நெட்டித் தள்ளிக்கொண்டு பூங்கனி முன்னால் வந்தாள்.

"விலகுங்கலே. நீங்க தூக்கினா அது பாடை. நாங்க தூக்கினா அது ஏணி."

எங்கள் ஊரில் பெண்கள் பாடை தூக்கியதில்லை, சுடுகாட்டுக்குப் போனதும் இல்லை. அதனால் நான்கு ஆண்களும் விலகிக்கொண்டார்கள். பூங்கனி ஒரு முனை, இஸ்ரவேலின் பெண்டாட்டி ஒரு முனை, பின்னால் இரண்டு பேர். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரே மூச்சில் தூக்கினார்கள். கூட்டம் ஓவென்று குரல் கொடுத்தது. ஆண்களெல்லாம் பின்னால் நடந்தோம். நான் எல்லோருக்கும் பின்னால் நடந்தேன், கண்ணைத் துடைக்கிறதை யாரும் பார்க்கவேண்டாம் என்று.

ஊர்வலம் கால்வாயை நோக்கித் திரும்புகிற இடத்தில் குமாரதாஸின் வீடு. பெரிய வாசற்கதவு. அவர் அதில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய பெண்டாட்டி ஓமனா. குழித்துறைப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெருவில் நின்று யாரோடும் பேசி நாங்கள் பார்த்ததில்லை. அந்த இடத்தில் மேடு. பூங்கனிக்கு மூச்சு வாங்கியது. ஒரு நொடி ஏணி அவள் பக்கம் தாழ்ந்தது. நான் பதறிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

ஓமனா படி இறங்கி வந்தாள். அவசரப்படாமல், கோயிலுக்குப் போகிறவள்போல வந்தாள். பூங்கனியை மெதுவாக விலக்கிவிட்டு, முனையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஏணி மறுபடி நிமிர்ந்தது. மேலே இருந்த செல்லபாய் குனிந்து பார்த்தாள். அந்தக் கழுத்து குனிந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"ஓமனா, நீயா?"

"நானும் கண்டதாக்கும் அக்கா," என்றாள் ஓமனா. "இந்த வீட்டுக்குள்ள படுத்துத்தான் கண்டேன்."

குமாரதாஸ் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. விழட்டும் என்றுதான் நான் அவர் வாசலில் நின்று உரக்கச் சிரித்தேன். பெண்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு பாலம் வரவேண்டிய கரையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.